ஊட்டிக் குளிரில் பியோனி: ஆறு வருடம், ஏழு மொட்டு

"ஊட்டியிலதான் இவ்வளவு குளிர் இருக்கே, பியோனி ஏன் வராது?" என்று என்னிடம் நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். பியோனி என்பது ரோஜா மாதிரி அடுக்கடுக்காக, ஆனால் அதைவிடப் பெரிதாகப் பூக்கிற ஒரு குளிர்நாட்டுக் கிழங்குச் செடி. 2019-இல் நானும் இதே நினைப்போடுதான் மூன்று கிழங்கு வாங்கினேன். முதல் பூவைப் பார்க்க 2024 ஏப்ரல் ஆகிவிட்டது. நடுவில் என்னென்ன தப்பு செய்தேன், எதை மாற்றிய பிறகு பூத்தது என்று எழுதி வைத்தால், அடுத்து முயற்சி செய்கிறவர்களுக்கு நாலு வருடமாவது மிச்சமாகும்.

எங்கள் வீடு தலைகுந்தா பக்கம், பள்ளத்தில். ஜனவரி காலையில் கதவைத் திறந்தால் புல் முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பியது மாதிரி வெள்ளையாக இருக்கும், வண்டி சீட்டில் உறைந்த பனியை நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் உட்கார முடியும். நான் கல்யாண பொக்கே கட்டிக் கொடுக்கிறேன். ஊட்டி, குன்னூர், வெலிங்டன் சர்ச் கல்யாணங்கள்தான் பெரும்பாலும். கார்னேஷன், லில்லியம், ஜெர்பரா எல்லாம் இங்கேயே பாலிஹவுஸ்காரர்களிடம் கிடைக்கிறது. ஆனால் மணப்பெண்கள் போனில் காட்டுகிற படத்தில் பாதிக்கு மேல் பியோனி. அதற்குப் பதிலாக ரோஜாவை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

2018 மே மாதம் காஷ்மீர் போயிருந்தோம். தங்கின வீட்டின் வாசலோரம் ஒரு புதர், இடுப்பு உயரம் கூட இல்லை, அதில் முப்பது பூவாவது இருந்திருக்கும். குனிந்து முகர்ந்தேன். படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வாசனை படத்தில் வராது இல்லையா, நான் விழுந்தது அங்கேதான். நாட்டு ரோஜா வாசனை, அதன் அடியில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த மணம். அந்த வீட்டு அம்மா, அவர் மாமியார் வைத்த செடி என்றார். பியோனி ஒரு இடத்தில் நன்றாக வேர் பிடித்துவிட்டால் ஐம்பது வருடம் தாண்டியும் நிற்கிற செடி.

எல்லா பியோனியும் மணக்காது என்பது வாங்கும்போதே தெரிய வேண்டிய விஷயம். பவளநிறப் பூக்கள் பார்க்க அள்ளிக்கொண்டு போகும், ஆனால் பலவற்றில் சொல்லிக்கொள்கிற வாசனையே இல்லை. சிவப்பிலும் பெரும்பாலும் மணம் குறைவு. வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும்தான் நல்ல வாசனை ரகங்கள் நிறைய. நான் தேர்ந்தெடுத்தது மூன்று. எடுலிஸ் சூப்பர்பா, 1824-இல் வந்த பிரெஞ்சு ரகம், ரோஜா நிறம், ரோஜா வாசனை, சீக்கிரம் பூப்பது. டச்செஸ் தெ நெமூர், அதுவும் பிரான்சில் இருந்து வந்ததுதான், 1856; வெள்ளை, நடுவில் லேசான எலுமிச்சை மஞ்சள். மூன்றாவது சாரா பெர்ன்ஹார்ட், 1906-இல் வந்தது, பூக்கடைகளில் அதிகம் பார்க்கிற இளஞ்சிவப்பு. மூன்றாவதைப் படத்தில் பார்த்து மயங்கி வாங்கினேன். அது தாமதமாகப் பூக்கிற ரகம், மணமும் மிதம், நம் மலைக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முன்பருவ ரகங்களே நமக்கு நல்லது, ஏனென்றால் ஏப்ரல் கடைசியில் கோடை மழை பிடித்துக்கொண்டால் கனமான அடுக்குப் பூ தண்ணீரைக் குடித்துத் தலை சாய்ந்து அழுகிவிடும்.

கிழங்குகளை, முறையாக இறக்குமதி செய்து விற்கிற ஒரு நர்சரியிடம் வாங்கினேன். வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரரிடம் "பையில ஒண்ணு போட்டு எடுத்துட்டு வாங்க" என்று கேட்காதீர்கள். 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதிச் சீட்டும் நோயில்லாச் சான்றும் இல்லாமல் நடவுப் பொருளைக் கொண்டுவரக் கூடாது. மலையில் உருளைக்கிழங்குக்குப் புதிதாக ஒரு நோய் வந்தால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்த மூன்றில் சாரா பெர்ன்ஹார்ட் உள்ளே கூழாகி இருந்தது. பணம் திரும்பக் கிடைக்கவில்லை. பார்சலைப் பிரித்த உடனே கிழங்கை அழுத்திப் பார்த்து, படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். நான் நாலு நாள் கழித்துத்தான் பிரித்தேன்.

நட்டதில்தான் முதல் பெரிய தப்பு. தோட்ட வேலைக்கு வருகிற அண்ணன் முப்பது வருடமாக உருளைக்கிழங்கு போட்டவர். பியோனிக் கிழங்கிலும் கண் இருக்கிறது, சிவப்பாக, பருத்து. அதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அரை அடிக்குக் குழி எடுத்து உள்ளே வைத்து மூடினார். முளை வந்ததும் இரண்டு பக்கமும் மண்ணை இழுத்து அணைத்தார். "கிழங்குன்னா மண் அணைக்கணும்மா, இல்லாட்டி வெளிய வந்துரும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மூன்று வருடம் இலை, இலை, இலை. அழகான இலைதான், கரும்பச்சை, பளபளவென்று. ஒரு மொட்டு இல்லை. பியோனியின் கண் மண்ணுக்குக் கீழே ஒன்று முதல் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் செடி சாகாது, வளரும், ஆனால் பூக்காது. அதிலும் குளிர் குறைவான இடங்களில் இன்னும் மேலே, அரை அங்குலம் மண் மூடினால் போதும், அப்போதுதான் குளிர் கண்ணைத் தொடும். 2021 நவம்பரில் தோண்டி எடுத்துப் பார்த்தபோது கண்கள் ஒரு சாண் ஆழத்தில் கிடந்தன. அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார், கிழங்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இது உருளை ஜாதி இல்ல, டேலியா மாதிரியும் இல்ல" என்றார். அதற்கப்புறம் இந்தச் செடியை என்னைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

அன்றே எடுலிஸை இரண்டாகப் பிரித்தோம். ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து கண், கூடவே தடித்த வேர் இருக்க வேண்டும். ஒற்றைக் கண்ணோடு பிரித்தால் பூக்க வருடக்கணக்காகும். ஒரு துண்டு மறுபடி பாத்திக்கு, இன்னொன்று 12 அங்குலத் தொட்டிக்கு. டச்செஸைப் பிரிக்காமல் அப்படியே இன்னொரு தொட்டிக்கு. வெட்டிய இடத்தில் அடுப்புச் சாம்பல் தடவினோம்.

மண்ணையும் அப்போதுதான் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கார அமில நிலை 5.1 என்று வந்தது. தேயிலைக்கும் உருளைக்கும் அது சரி, பியோனிக்கு 6.5-இல் இருந்து 7 வரை வேண்டும். டோலமைட் என்கிற சுண்ணாம்புப் பொடி போட்டு, இரண்டு மாதம் விட்டு மறுபடி போட்டு, மெல்ல மெல்ல ஏற்றினோம். பாத்திக்குக் கீழ்ப்புறம் ஒரு ஹைட்ரேஞ்சியா புதர் இருக்கிறது, நான் இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து நல்ல நீலம். மறு வருடம் பாத்திப் பக்கம் இருந்த கிளைகளில் மட்டும் பூ ஊதாவாகி, அப்புறம் இளஞ்சிவப்பானது. மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இறங்கி அதன் வேருக்குப் போயிருக்கிறது. ஒரே புதரில் ஒரு பாதி நீலம், ஒரு பாதி ரோஸ். வேலை நடக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பச்சைச் சாணம் மட்டும் கிழங்கின் தலையில் போடாதீர்கள், அழுகிவிடும். மக்கிய எருவைச் சுற்றி வளையமாகப் போட்டு, எலும்புத்தூள் ஒரு கைப்பிடி போதும். தழைச்சத்து கூடினால் மறுபடி இலைதான்.

சரி, ஆழம் சரியாயிற்று, மண் சரியாயிற்று, 2022-இல் பூக்கவில்லை. பிரித்து நட்ட வருடம் பூக்காது என்று விட்டேன். 2023-இல் தொட்டி எடுலிஸில் ஒரு மொட்டு வந்தது. பட்டாணி அளவுக்கு வந்து, அப்படியே பழுப்பாகி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. அன்றைக்கு நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அந்த மொட்டுக்கு முந்தின டிசம்பர், ஜனவரி முழுக்க வெப்பமானி ஒன்றைப் பாத்தி அருகே ஒரு முழ உயரத்தில் கட்டி, நோட்டில் எழுதி வைத்திருந்தேன். காலை ஆறு மணிக்கு 1 டிகிரி. எட்டரைக்கு 9. மதியம் 19, சில நாள் 20. அடுத்த நாளும் அப்படியே. உறைபனி கொட்டுகிற இரவில் கூட 5 டிகிரிக்குக் கீழே இருந்தது நாலைந்து மணி நேரம்தான். ஐம்பது இரவு என்று வைத்தாலும் 250 மணி நேரம் தேறாது. பியோனி தூங்கி எழுந்து பூக்க இந்த மாதிரிக் குளிர் குறைந்தது 500 மணி நேரம், பல ரகங்களுக்கு அதற்கும் மேல் வேண்டும் என்பதுதான் வளர்ப்பவர்கள் சொல்கிற கணக்கு. இதன் பூர்வீகம் சைபீரியா, மங்கோலியா, வட சீனா பக்கம். நம் இமயமலையில் ஒரு காட்டு பியோனி இருக்கிறது, அதுவும் மாதக்கணக்கில் குளிரில் தூங்கி எழுவதுதான். அங்கே குளிர் வந்தால் இரவும் பகலும் அங்கேயே தங்குகிறது. நம் குளிர் விடியலில் வந்து, டீ குடித்து முடிப்பதற்குள் போய்விடுகிறது. புல்லின் மேல் தெரிகிற பனியைப் பார்த்து ஏமாந்தேன், இரண்டு அங்குலம் கீழே மண் சில்லென்று கூட ஆகவில்லை, கையை விட்டுப் பார்த்தால் தெரியும்.

அதற்கப்புறம்தான் ஃப்ரிட்ஜ்.

பூ வைக்க ஒரு பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருந்தேன். தட்டுகளை எல்லாம் கழற்றினால் 12 அங்குலத் தொட்டி ஒன்று மேல் ஒன்றாக இரண்டு நிற்கிறது, நடுவில் ஒரு பலகை வைத்தேன். இஸ்ரேல் மாதிரிச் சூடான நாட்டிலேயே தூங்கும் செடியைத் தொட்டியோடு குளிரறையில் வைத்து எடுத்துப் பூக்க வைத்திருக்கிறார்கள், இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. என் வேலை, அதை நம் பருவத்துக்கு ஏற்ப நாள் குறிப்பதுதான்.

குளிர் நாட்டில் இலை தானாகக் காய்ந்து விழும். இங்கே டிசம்பரில் கூடப் பாதி பச்சையாக நிற்கும், செடிக்குத் தூங்கணும் என்றே தெரியாது. அதனால் அக்டோபர் கடைசியில் தொட்டிகளைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துகிறேன், வடகிழக்கு மழை படாமல். தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்து, நவம்பர் நடுவில் இலையை ஒரு அங்குலம் விட்டு வெட்டிவிடுகிறேன். வெட்டியதை உரக்குழியில் போடுவதில்லை, எரித்துவிடுகிறோம். ஜூனில் இருந்து செப்டம்பர் வரை மூட்டத்தில் நின்ற இலை, சாம்பல் பூஞ்சணம் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் தண்டின் அடி கறுத்து ஒடிந்தால் அதுதான், உடனே அந்தத் தண்டை எடுத்துவிட வேண்டும். வெட்டிய பிறகு இரண்டு வாரம் வீட்டின் வடக்குச் சுவர் ஓரம் வைக்கிறேன். நவம்பர் கடைசியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அந்தப் பக்கம் வெயிலே விழாது. தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், தரையில் வைத்தால் தரைச் சூடு ஏறும். மூடாக்கு எதுவும் போடாதீர்கள், இலைச்சருகு போட்டால் கிழங்குக்குக் கம்பளி போர்த்தின மாதிரிதான்.

டிசம்பர் முதல் தேதி வாக்கில் உள்ளே. மண் கையில் பிடித்தால் உதிராத ஈரம் போதும், சொட்டக் கூடாது. ஓட்டை போட்ட பாலிதீன் உறை. வெப்பநிலை 2-இல் இருந்து 4 டிகிரி. ஃப்ரிட்ஜின் எண்ணை நம்பாமல் உள்ளே வெப்பமானி வைத்துப் பாருங்கள், என்னுடையதில் மேல் தொட்டிக்கும் கீழ்த் தொட்டிக்கும் 2 டிகிரி வித்தியாசம், அதனால் வாரம் ஒரு தடவை இடம் மாற்றுகிறேன். பழம் எதையும் அதே ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. ஊட்டி பேரிக்காய், ஆப்பிள் எல்லாம் பழுக்கும்போது விடுகிற எத்திலீன் வாயு மொட்டுகளுக்கு ஆகாது. வீட்டில் எல்லாரிடமும் சொல்லி, கதவில் எழுதியும் ஒட்டியிருக்கிறேன்.

சுமார் பத்து வாரம். பிப்ரவரி முதல் வாரத்தில் வெளியே எடுத்து, ஒரு வாரம் நிழலில் வைத்து, அப்புறம் காலை வெயிலுக்கு. 2024-இல் முதல் தடவை எடுத்தபோது பத்தாவது நாள் மண்ணை விலக்கிக்கொண்டு முளை வந்தது, பச்சை மிளகாய் பருமனில், கருஞ்சிவப்பாக, நுனி மட்டும் மடங்கிக் கும்பிடுகிற மாதிரி. முந்தைய வருடங்களில் வந்த முளைகள் இவ்வளவு தடியாக இருந்ததே இல்லை. வளருகிற பருவத்தில் பகல் 22, இரவு 10 டிகிரி அளவில் இருந்தால் பியோனிக்கு இதம். நம் மார்ச், ஏப்ரல் கிட்டத்தட்ட அப்படித்தான். வெயில் விஷயத்தில் ஊட்டி இதற்குச் சொர்க்கம்தான், குறை முழுக்க அதற்கு முந்தின இரண்டு மாதத்தில். பிப்ரவரியிலும் உறைபனி விழும் இரவு உண்டு, மொட்டு வந்த பிறகு அன்றைக்குத் தொட்டியை வராந்தாவுக்குள் இழுத்துவிடுங்கள்.

2024-இல் எடுலிஸ் தொட்டியை மட்டும்தான் உள்ளே வைத்தேன். மூன்று மொட்டு, மூன்றும் பூத்தது. ஒன்றைக் கூட வெட்டவில்லை. டச்செஸ் வெளியிலேயே இருந்தது, பூக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. 2025-இல் இரண்டும் உள்ளே போயின. எடுலிஸில் ஐந்து, டச்செஸில் இரண்டு. பாத்தியில் நிற்கிற துண்டு இன்னும் இலைதான்.

மொட்டில் எறும்பு மொய்த்தால் மருந்து அடிக்காதீர்கள். மொட்டை மூடியிருக்கிற பச்சைப் புல்லிதழில் இனிப்பான நீர் கசியும், அதற்காக வருகிறது, பூவை ஒன்றும் செய்யாது. பெரிய பூ வேண்டுமென்றால் ஒரே தண்டில் பக்கத்தில் வருகிற குட்டி மொட்டுகளைப் பட்டாணி அளவிலேயே கிள்ளிவிடுங்கள். தொட்டியின் மேல் மூன்று குச்சி நட்டுக் கயிறு சுற்றிவிடுவதும் அவசியம், இல்லாவிட்டால் ஒரே மழையில் எல்லாம் தரையில்.

பொக்கேவுக்கு வெட்டுவது தனிக் கலை, நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். மொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். நெல்லிக்காய் மாதிரி கெட்டியாக இருந்தால் வெட்டக் கூடாது, குவளையில் அது திறக்கவே திறக்காது. பேக்கரியில் இருந்து அப்போதுதான் வந்த பன்னை அழுத்தினால் உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வருமே, அந்தப் பதம். நிறம் நன்றாகத் தெரிந்து, வெளி இதழ் ஒன்று லேசாக விலகியிருக்கும். இந்தப் பதம் ஒரு நாள்தான் நிற்கும், வெயில் அடித்தால் காலையில் நெல்லிக்காயாக இருந்தது சாயங்காலம் தாண்டிவிடும். அதனால் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

2025-இல் ஈஸ்டர் ஏப்ரல் 20. அதற்கு முந்தின தவக்காலத்தில் சர்ச்சில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், என் பூ பதத்துக்கு வந்ததோ ஏப்ரல் 10-ஐ ஒட்டி. ஈஸ்டருக்கு மறுவாரம் குன்னூரில் ஒரு கல்யாணம், அந்தப் பெண் ஒரு வருடம் முன்பே என் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனவள். மூன்று இளஞ்சிவப்பு, ஒரு வெள்ளை, நாலு தண்டு வெட்டினேன். செடியில் ஒவ்வொரு வெட்டுக்குக் கீழேயும் இரண்டு இலைக் கொத்தாவது நிற்க வேண்டும், அடுத்த வருடக் கண் அதில்தான் வளரும். இலைகளை உருவி, தண்ணீரில் வைக்காமல், செய்தித்தாளில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, அதே ஃப்ரிட்ஜில் படுக்க வைத்தேன். பியோனி மொட்டை இப்படி இரண்டு மூன்று வாரம் உலர்வாக வைக்கலாம். அதுவரை படித்ததுதான், செய்து பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் எடுத்தேன். தாளைப் பிரித்ததும் வயிற்றைக் கலக்கியது. தண்டு துவண்டு, மொட்டு சுருங்கி, வெளி இதழ் காகிதம் மாதிரி இருந்தது. அடியில் அரை அங்குலம் சாய்வாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்து வரை விட்டேன். இரவு ஒன்பது மணிக்குப் பார்த்தபோது தண்டு நிமிர்ந்திருந்தது. விடியற்காலை அறைக் கதவைத் திறந்ததும், விளக்கைப் போடுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அறை முழுக்க வாசனை. மூன்று இளஞ்சிவப்பும் கிண்ணம் மாதிரி திறந்திருந்தன, இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிதாக. வெள்ளை மட்டும் கொஞ்சம் தாமதித்து, சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் திறந்தது. கூட வெள்ளைக் கார்னேஷன், ஓடையோரம் தானாக வளர்கிற வெள்ளைக் காலா லில்லி, பெரணி இலை. நாலே பியோனி, பொக்கேவில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பொண்ணோட அம்மா கையில் வாங்கி முகர்ந்துவிட்டு, "அக்கா, இது ரோஸ் வாசனையா, வேற ஏதாவதா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஐந்தாவது நாள் இதழ் முழுக்க ஒரே தடவையில் உதிர்ந்தது என்று போன் செய்து சொன்னார். அது அப்படித்தான் உதிரும்.

ஏழில் நாலை வெட்டியது அதிகம்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் இருப்பதுதான் செடிக்கு நல்லது, நட்டு முதல் இரண்டு வருடம் வெட்டவே கூடாது. அதனால் 2026-க்கு எவ்வளவு பேர் கேட்டாலும் இரண்டு தண்டுக்கு மேல் கொடுப்பதாக இல்லை. இதை வியாபாரமாக நினைத்து இறங்குகிறவர்களுக்கு என் கருத்து, வேண்டாம். ஒரு ஃப்ரிட்ஜுக்கு இரண்டு தொட்டி, மூன்று மாத மின்சாரம், கார்னேஷன் போட்டால் வருகிற வருமானம் இதில் வராது. கொடைக்கானலில் ஏரிப் பக்கம் உறைபனி விழுகிற இடத்தில் இருப்பவர்களுக்கும் இதே முறைதான். கோத்தகிரி, குன்னூர்க்காரர்கள் நேரடியாகப் பாத்தியில் நடுவதை விட்டுவிட்டு முதல் வருடமே தொட்டியில் ஆரம்பியுங்கள், உங்களுக்கு எங்கள் பள்ளத்துக் குளிர் கூடக் கிடைக்காது.

போன வாரம் இலையை வெட்டியாயிற்று. அண்ணன் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மேல் மண்ணைத் தள்ளித் தள்ளி, குந்தி உட்கார்ந்து கண் எண்ணினார். எடுலிஸில் ஒன்பது, டச்செஸில் ஐந்து. எண்ணி முடித்துவிட்டு அரை அங்குலம் மண்ணை மட்டும் மேலே தூவினார், விரலை வைத்து அளந்து. டிசம்பர் ஒன்றாம் தேதி இரண்டும் உள்ளே போகிறது.